பெயருக்கு முன்னால் நிற்கும் சொல்

ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவோர் பெயருக்கு முன்னால் மிஸ்டர், மிஸஸ், டாக்டர் என்று ஏதேனும் ஒரு மரியாதைச் சொல்லை வைத்தெழுதும் வழக்கம் பிரபுக்களும் ஏவலாட்களும் வாழ்ந்த காலத்தின் எச்சமென்றும், அதை ஒழித்துவிட்டு, பெரியவர் சிறியவர், அறிந்தவர் அறியாதவர் என்னும் பேதமின்றி எல்லோரையும் வெறும் பெயரால் விளித்துவிட்டால் ஜனநாயகம் கடிதத்துக்குள்ளும் புகுந்துவிடுமென்றும் ஓர் அபிப்பிராயம் இக்காலத்தில் ஏறக்குறைய மறுப்பாரின்றி நிலவிவருகிறது. கம்பெனிகளில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்கு இது பாலபாடமாகப் போதிக்கப்படுகிறது. அமெரிக்காவில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நெடுங்காலம் கட்டிக்காத்துவந்த மிஸ்டர், மிஸ் முதலியவற்றை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் செய்திப் பக்கங்களிலிருந்து நீக்கியபோது, அவை வாசிப்பின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பதோடு, நீக்குவது எல்லோரையும் சமநிலையில் நிறுத்தும் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. சமத்துவம் என்ற சொல்லை ஒரு கட்சியார் முந்திக்கொண்டு கைப்பற்றிவிட்டால் எதிர்க்கட்சியில் நிற்பவன் பேச வாயெடுக்கும் முன்பே பிற்போக்காளனாகிவிடுகிறான். அந்தப் பெயர் எனக்கு வந்தாலும் வரட்டும். மரியாதைச் சொல்லைக் களைந்ததால் சமத்துவம் வந்ததாகச் சரித்திரத்தில் நான் கண்டது அரிது. அது மறுக்கப்பட்டவர்களுக்கு அதைக் கொடுத்ததாலேயே வந்திருக்கிறது. களையத் தொடங்கும்போது அதை முதலில் இழப்பவர்களும் கடைசியாக அதைப் பெற்றவர்களே என்பது என் கட்சி.

வாதத்துக்குள் நுழையுமுன், நான் தாங்கிப் பேசப்போவதில்லை என்று ஒதுக்கிவைப்பவை சில உண்டு. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஆள்வோர் தமக்கு உகந்தவர்களுக்குச் சூட்டிய பட்டங்கள் வேறு. யாரென்று தெரியாத மனிதனுக்கும் மனிதன் என்ற காரணத்தாலேயே வைக்கும் மரியாதைச் சொல் வேறு. முன்னதை, ராணுவம், கல்வி ஆகிய இரண்டு துறைகள் நீங்கலாக, நம் அரசியல் சட்டத்தின் 18ஆவது ஷரத்து ஒழித்தது; ஒழித்தது நன்று. நீதிபதியை ‘மை லார்ட்’ என்றுதான் அழைக்க வேண்டுமென்பதில்லை என்று 2006இல் இந்திய பார் கவுன்சில் விதி செய்ததும், ‘ஹிஸ் எக்ஸலன்ஸி’ என்னும் அலங்காரம் உள்நாட்டு நிகழ்ச்சிகளில் தமக்கு வேண்டாமென்று 2012இல் ஜனாதிபதி பிரணாப் முகர்ஜி விலக்கியதும் நன்றே. அவ்வாறே, நம் பள்ளிக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்விக்கப்படும் லீவ் லெட்டரையும் நான் ஆதரிக்கவில்லை. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்கி, ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று கையேந்தி, ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று அடங்கி முடியும் அந்த நிருபத்தில், ஜுரத்தில் படுத்திருக்கும் பையன் ஹெட்மாஸ்டரிடம் யாசகம் செய்ய வேண்டிய அவசியம் என்ன என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மேலதிகாரிக்கு மட்டும் மேன்மேலும் குவிந்து, கீழுள்ளவனுக்கு ஒன்றும் திரும்பி வராத உபசாரம் உபசாரமாகாது. ஆனால் இந்த மிகைகளைக் காட்டி மிஸ்டரையும் சேர்த்து வெளியேற்றுவது, பட்டத்தையும் மரியாதையையும் பிரித்தறியாத பிழை.

இங்கிலாந்தில் மிஸ்டர் என்பதும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் நிலபுலமும் குடிப்பெருமையும் உள்ளவன் மிஸ்டர், அதற்குக் கீழ்ப்பட்ட குடித்தனக்காரன் வெறும் ‘குட்மேன்’, கூலிக்காரனுக்கு அதுவுமில்லை. ‘எஸ்கொயர்’ என்பதோ ஆதியில் நைட் எனப்பட்ட போர்வீரனின் கேடயத்தைச் சுமந்து சென்ற உதவியாளனைக் குறித்து, பின்னர் நிலவுடைமைக் குடும்பத்தாரைக் குறித்து, 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கடித உறையின்மேல் ஏறக்குறைய எந்த ஆங்கிலேயனின் பெயருக்குப் பின்னாலும் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வந்து சேர்ந்தது. மேலே இருந்தவர்களிடமிருந்து அச்சொற்களைப் பறித்து அனைவரையும் குட்மேன் ஆக்கியிருக்கலாம், அப்படி நடக்கவில்லை. கடைக்காரனும் தச்சனும் ரெயில்வே கார்டும் ஒவ்வொருவராக மேலேறி மிஸ்டர் ஆனார்கள். அமெரிக்கா குடியரசானபோதும் இதே கதைதான். 1789இல் வாஷிங்டனை எப்படி விளிப்பது என்று விவாதம் எழுந்து, ‘ஹிஸ் ஹைனஸ்’ என்று தொடங்கி ஜனங்களின் சுதந்திரங்களுக்குக் காவலர் என்று முடியும் ஒரு நீண்ட விருதாவளியை செனட் கமிட்டி சிபாரிசு செய்ய, உதவி ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் இத்தகைய ஆடம்பரத்துக்குப் பரிந்து பேசி ஊர்ச் சிரிப்புக்கு ஆளானார். பிரதிநிதிகள் சபை அதை ஏற்க மறுத்தது. முடிவில் நிலைத்தது ‘மிஸ்டர் பிரெஸிடெண்ட்’. மன்னனைத் துரத்திய தேசம் தன் தலைவனை வெறும் ஜார்ஜ் என்று அழைக்கத் துணியவில்லை. செருப்புத் தைப்பவனுக்கும் உரிய சொல் எதுவோ அதையே தலைவனுக்கும் வைத்தது.

சென்னை ராஜதானியின் ஆங்கிலக் கடிதப் போக்குவரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாயிராது. வெள்ளைக்காரக் கலெக்டருக்கு எழுதினால் பெயருக்குப் பின்னால் எஸ்கொயர்; அவருக்குக் கீழே அதே கச்சேரியில் உட்கார்ந்திருக்கும் இந்திய உத்தியோகஸ்தருக்கு எழுதினால், மஹாராஜராஜஸ்ரீ என்பதைச் சுருக்கி எம்.ஆர்.ஆர்.ஒய். என்று முன்னாலும், ‘அவர்கள்’ என்று பின்னாலும். எழுத்தெண்ணிப் பார்த்தால் இந்தியருக்கே அதிகம் கிடைத்ததுபோல் தோன்றும்; ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பந்தி போட்ட பிறகு எந்தப் பந்தியில் பட்சணம் அதிகம் என்று பேசி என்ன பயன்? இதை மாற்ற வந்தவர்கள் செய்ததைக் கவனிக்க வேண்டும். 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் தொங்கிய ஜாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானித்தது. ஆனால் அந்த வழிவந்தவர்கள் 1967இல் அரசாங்கத்தை அமைத்தபோது, பெயரை மொட்டையாக எழுதுங்கள் என்று உத்தரவிடவில்லை; ஸ்ரீ, ஸ்ரீமதி என்பவற்றின் இடத்தில் திரு, திருமதி, செல்வி என்பவற்றை வைத்தார்கள். இன்றும் தமிழ்நாட்டு அரசாங்கம் ஆங்கிலத்தில் எழுதும் கடிதங்களில் மிஸ்டருக்குப் பதிலாக ‘திரு’வும், மிஸஸுக்குப் பதிலாக, டி எம் டி என்று மூன்றே ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கிய ‘திருமதி’யும் நிற்கக் காணலாம். தலைமைச் செயலாளருக்கும் திரு, தலையாரிக்கும் திரு. ஜாதிப் பட்டத்தை அறுத்தெறிந்தவர்களே பொது மரியாதையை அறுக்கவில்லை என்பதற்கு நம் எதிர்க்கட்சியார் என்ன சமாதானம் சொல்வார்கள்?

இனி, வெறும் பெயரால் அழைப்பது சமத்துவம் என்னும் கொள்கையை, அது முழு வேகத்துடன் அனுஷ்டிக்கப்பட்ட இடத்திலேயே சென்று பார்ப்போம். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமை முறை ஒழிந்து ஏறக்குறைய நூறாண்டு கழிந்த பின்னும், கறுப்பு மனிதனை வெள்ளையர் மிஸ்டர் என்று விளித்ததில்லை. அறுபது வயதுக் கிழவனானாலும் பெயர் சொல்லி அழைப்பார்கள். பெயர் தெரியாவிட்டால் ‘பாய்’. (நம் சென்னையில் துரைமார் வீட்டுப் பணியாளை, அவனுக்குப் பேரன் பிறந்த பிறகும் அழைத்த அதே ‘பாய்’தான்.) ரெயிலில் படுக்கை விரித்துக்கொடுத்த புல்மன் வண்டிப் பணியாளர்கள் அத்தனை பேருக்கும், கம்பெனி முதலாளியான ஜார்ஜ் புல்மனின் பெயரைக் கொண்டு, ‘ஜார்ஜ்’ என்றே பெயர், பிரயாணி எவ்வளவு பிரியமாக, எவ்வளவு சிரித்த முகத்தோடு அழைத்தாலும் அவன் ஜார்ஜ்தான். 1925இல் அவர்கள் ஏ. பிலிப் ராண்டால்ஃபின் தலைமையில் சங்கம் கண்டபோது, கூலியும் வேலை நேரமும் மட்டுமன்றி இந்த அவமானமும் அவர்கள் மனத்தில் இருந்தது.

1963ஆம் ஆண்டு ஜூன் மாதம் அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் என்னும் ஊரில் ஒரு நீதிமன்றம். நிறபேதத்தை எதிர்த்துக் கிளர்ச்சி செய்து கைதானவர்கள் சம்பந்தமான விசாரணையில், இனச் சமத்துவத்துக்காக உழைத்த ஒரு சங்கத்தின் ஊழியரான மேரி ஹாமில்டன் என்ற கறுப்பு இளம்பெண் சாட்சி சொல்ல ஏறினார். வெள்ளைச் சாட்சிகளை மிஸ்டர், மிஸ், மிஸஸ் என்று விளிப்பதும், கறுப்புச் சாட்சிகளைப் பெயர் சொல்லி விளிப்பதும் அந்த நீதிமன்றங்களின் மாமூல். அரசாங்க வக்கீல் வழக்கப்படி ‘மேரி’ என்றழைத்துக் கேள்வி கேட்டார். தம்மை முறையாக விளித்தாலொழியப் பதில் சொல்வதில்லை என்றார் அவர். நீதிபதி பதில் சொல்லப் பணித்தார், அவர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறைவாசமும் ஐம்பது டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அவர் சிறையில் இருந்தார், அபராதம் கட்டவில்லை. அவருடைய பெயர் மேரி ஹாமில்டன் என்றுதான் ரிக்கார்டில் இருக்கிறது, மிஸ் மேரி ஹாமில்டன் என்றில்லை என்று அலபாமாவின் உயர்ந்த நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. 1964இல் வாஷிங்டனிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அவ்வழக்குக்கு இரண்டு மாதம் முன்னர் அதே மாநிலத்தின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய நெடுங்கடிதத்திலும், தம் இனத்துத் தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் மிஸஸ் என்ற மரியாதை மறுக்கப்படுவது அவர் அடுக்கிய குறைகளுள் ஒன்றாக நின்றது.

நம் காலத்துக் கம்பெனிப் பயிற்சி வகுப்பு ஆசிரியர் அந்த நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தால், அரசாங்க வக்கீலைச் சிநேகபாவமுள்ள நவீன மனிதரென்றும், ஹாமில்டன் அம்மையாரைச் சம்பிரதாயப் பித்துப் பிடித்தவரென்றும் அல்லவா குறித்துக்கொண்டிருப்பார்? இதற்கு அவர் சார்பில் ஒரு பதில் வரும்: வெள்ளையருக்கு மிஸ்டர் இருந்தபடியால்தான் கறுப்பருக்கு இல்லாமை வலித்தது, இருவருக்குமே இல்லையென்று செய்துவிட்டால் வலியேது? இது அற்பமான ஆட்சேபமன்று. இதை வாயால் சொல்வதோடு நில்லாமல் உயிரைப் பணயம் வைத்து நடத்திக்காட்டியவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றியெழுந்த குவேக்கர்கள், எவர் முன்னிலையிலும் தொப்பியைக் கழற்றமாட்டோம், ‘சார்’ என்றும் ‘யுவர் ஆனர்’ என்றும் சொல்லமாட்டோம் என்று உறுதிபூண்டு, நீதிபதியையும் நீ என்று ஒருமையில் பேசி, அதற்காக அடியும் சிறையும் அனுபவித்தார்கள். நான் அவர்களுக்குத் தலைவணங்குகிறேன். அவர்கள் பதிலுக்கு வணங்கமாட்டார்கள் என்றாலும். ஆனால் குவேக்கரின் விரதம் மேல்நோக்கித் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். ராஜாவுக்கு இல்லை, நியாயாதிபதிக்கு இல்லை, ஆகையால் எவருக்கும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. தண்டிக்க வல்லவனிடத்தில் அதை அனுஷ்டித்து, தண்டனையையும் ஏற்றார்கள். இன்றைய முறையோ, மேலிருப்பவன் கீழிருப்பவனைப் பெயரிட்டழைத்து, என்னையும் அப்படியே அழை என்று அனுமதி வழங்குவதில் தொடங்குகிறது. அந்த அனுமதியைக் கொடுப்பவன் ஒருவன், பெறுபவன் ஒருவன் என்று ஆன உடனேயே சமத்துவம் வாசலோடு நின்றுவிடுகிறது.

குவேக்கர் வழியின் தூய வடிவமொன்று நம் தேசத்திலும் ஆங்கிலக் கடிதமாக எழுதப்பட்டிருக்கிறது. 1930ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி, உப்புச் சட்டத்தை மீறப்போவதைத் தெரிவித்து காந்தியடிகள் வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதம் ‘டியர் ஃப்ரெண்ட்’ என்று தொடங்கியது. அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ரெஜினால்ட் ரேனால்ட்ஸ் என்னும் குவேக்கர் இளைஞர். எதிர்க்கட்சியார் இதைத் தமக்குச் சாட்சியாக அழைக்கக்கூடும். ஆனால் அதில் இர்வினைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. ‘எக்ஸலன்ஸி’ என்ற பதவியின் விளியை விலக்கியவர், அவ்விடத்தை வெறிதே விடாமல், வேறொரு மரியாதையை வைத்தார்; அதே விளியைத் தம்மை அறியாத அந்நியர்களுக்கும் வைத்தார்.

பெண்கள் விஷயத்தில் எதிர்க்கட்சியாரின் வாதம் வலுவுடையது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மிஸ், மிஸஸ் என்ற பாகுபாடு ஆணிடம் கேட்காத கேள்வியைப் பெண்ணிடம் கேட்கிறது. கணவன் பெயர் ஜான் ஸ்மித் என்றால் மனைவியை மிஸஸ் ஜான் ஸ்மித் என்றெழுதும் பழைய ஆங்கில வழக்கத்தில் அவளுடைய பெயர் முழுதாகவே மறைந்துபோகிறது. (ஆதியில் மிஸஸ் என்பது விவாகத்தைக் குறிக்காமல் அந்தஸ்தையே குறித்தது, பெரிய வீடுகளில் சமையலுக்கும் வீட்டு நிர்வாகத்துக்கும் தலைமை வகித்த பெண்கள் மணமாகாதிருந்தும் மிஸஸ் என்றே அழைக்கப்பட்டார்கள்.) ஆனால் இந்த அநீதிக்குப் பரிகாரமாகப் பெண்கள் எதைக் கேட்டார்கள்? 1901இலேயே அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்துப் பத்திரிகை ஒன்று, மணமானவள் ஆகாதவள் என்று பிரிக்காத ‘மிஸ்’ஸை, எம் எஸ் என்ற ஈரெழுத்தில், யோசனையாக வெளியிட்டது, எழுபதாண்டு கழித்துப் பெண்ணுரிமை இயக்கத்தார் அதைக் கையிலெடுத்து, அதையே பெயராகக் கொண்ட பத்திரிகையும் நடத்தினார்கள், 1972இல் அமெரிக்க அரசாங்க அச்சகம் அதை ஏற்றது, ‘நியூயார்க் டைம்ஸ்’ பிடிவாதமாக மறுத்துவந்து 1986இல் இணங்கியது. பழுதான மரியாதைச் சொல்லைச் செப்பனிட்டுத் தாருங்கள் என்பதுதான் அவர்களின் கோரிக்கையாயிருந்தது.

செப்பனிட்டுப் பெற்றதையும் இப்போது திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்த ஜோ பைடனின் மனைவியும் டாக்டர் பட்டம் வாங்கியவருமான ஜில் பைடன் அம்மையார் அதைப் பெயருக்கு முன் போட்டுக்கொள்ளாமலிருந்தால் நன்று என்று 2020 டிசம்பரில் ஜோசப் எப்ஸ்டீன் என்ற எழுத்தாளர் யோசனை சொன்னார். மிஸ்டரை இரண்டரை ஆண்டுக்குப் பின் நீக்கப்போகும் அதே ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ பத்திரிகையில்தான். 2017இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் துலக்கமானது. மாயோ கிளினிக் மருத்துவக் கூட்டங்களின் ஒளிப்பதிவுகளை வைத்துப் பார்த்ததில், ஆண் மருத்துவர்கள் ஆண் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது நூற்றுக்கு 72 தடவை டாக்டர் என்றும், பெண் பேச்சாளரை அறிமுகப்படுத்தும்போது 49 தடவை மட்டுமே டாக்டர் என்றும் சொல்லியிருந்தார்கள். அவர்களுள் எவருக்கும் துவேஷம் இருந்திராது. எல்லோரும் இயல்பாகத்தான் பேசியிருப்பார்கள். விதியைத் தளர்த்தி இயல்புக்கு விட்டால் இயல்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

மரியாதைச் சொல் அடிமைத்தனத்தை வளர்க்கும் என்பது மற்றொரு குற்றச்சாட்டு. ஆங்கிலக் கடிதங்களைச் சற்றே புரட்டியவர்கள் இதைச் சொல்லத் துணியமாட்டார்கள். 1755இல், தாம் தொகுத்த ஆங்கில அகராதியின் வேலை நடந்த காலமெல்லாம் திரும்பிப் பாராமல், அது முடியும் தறுவாயில் புரவலராய் வந்து நின்ற செஸ்டர்ஃபீல்டு பிரபுவுக்கு சாமுவேல் ஜான்சன் எழுதிய கடிதத்தில் ‘மை லார்ட்’ இருக்கிறது, மிகப் பணிவுள்ள ஊழியன் என்ற சம்பிரதாயக் கையொப்பமும் இருக்கிறது. நடுவிலோ, மகனுக்கு நாகரிகம் கற்பித்துக் கடிதக் கட்டுகள் எழுதிய அந்தப் பிரபுவை மீண்டும் தலைதூக்க விடாத கண்டனம் இருக்கிறது. 1804இல் அமெரிக்க அரசியல்வாதிகளான அலெக்ஸாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வதற்கு முந்திய வாரங்களில் பரிமாறிக்கொண்ட கடிதங்களின் அடியிலும், தாங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியர்கள் என்ற வாசகம் தவறவில்லை. எவனும் அதைப் படித்து ஏமாறவில்லை. கடுமையாகப் பேச வேண்டியவனுக்கு வடிவம் ஒரு பிடிமானம். அது கையிலிருந்தால் குரலை உயர்த்தாமலே முடிவுவரை போகலாம்.

அடிமைத்தனம் வேண்டுமானால் இக்காலத்துக் கடிதம் ஒன்றைப் பாருங்கள். ஒரு பெரிய கம்பெனி, இன்ஷூரன்ஸ் தொகை தரமாட்டோம் என்று எழுதுகிறது. தொடக்கம் ‘ஹாய்’, உடனே பெயர். நம்மவர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாதாகையால், விண்ணப்பத்தில் கடைசிப் பெயர், முதற்பெயர் என்ற இரண்டு கட்டங்களையும் கண்டு திகைத்து, தம் பெயரை முன்னதிலும் தகப்பனாரின் முதலெழுத்தைப் பின்னதிலும் நிரப்பியிருப்பார்கள். ஆகவே அறுபத்தைந்து வயதுப் பெரியவருக்கு வரும் கடிதம் ‘ஹாய் கே’ என்று ஆரம்பிக்கிறது. அடுத்த வரியில் அவர் சுகமாயிருப்பார் என்ற நம்பிக்கை. அதற்கடுத்த வரியில் பணமில்லை என்ற தீர்ப்பு. கீழே, கையொப்பமிட்டவர் எவரென்று தெரியாதபடி ஓர் இலாகாவின் பெயர். அதற்கும் கீழே, இந்த முகவரிக்குப் பதில் எழுதாதீர்கள் என்ற எச்சரிக்கை. தோளில் கைபோட்டுப் பேசுகிறவர் தம் முகத்தைக் காட்டமாட்டார்! மிஸ்டர் என்று தொடங்கி, இன்னார் என்று கையொப்பமிட்டு, யுவர்ஸ் சின்ஸியர்லி என்று முடிந்த பழைய மறுப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவர் ஒரு மேஜையைத் தேடிப்போய் அதற்கெதிரே உட்கார்ந்திருக்க முடியும்.

மிஸ்டருக்குப் பின் குடும்பப் பெயரே வரவேண்டும் என்பது மேனாட்டு நியதி, அது நமக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வதும் இந்தக் கட்டங்களின் கோளாறே. வெளிநாட்டில் வசிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குத் தகப்பனாரின் பெயரில் கடிதம் வருவது உண்மை. ஆனால் சென்னையின் ஆங்கிலப் பத்திரிகைகள் மிஸ்டர் காமராஜ் என்று அவருடைய சொந்தப் பெயரோடு சேர்த்து எழுதிய நாளில் மிஸ்டருக்கு மூச்சுத் திணறவில்லை.

எஞ்சியிருப்பது நேரமில்லை என்ற சாக்கு. நெருக்கமானவர்களுக்குள் எது வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். நான் பேசுவது அறிமுகமில்லாதவருக்கு எழுதும் முதற் கடிதத்தைப் பற்றி மட்டுமே. ஆணோ பெண்ணோ என்று தெரியாவிட்டால் முழுப்பெயரையும் எழுதுவதில் எவருக்கும் குறையில்லை; அவர் தம்மைப் பெயரிட்டழைக்கலாமென்று பதில் எழுதினால் அன்றே மாற்றிக்கொள்ளலாம். அதுவரைக்கும் ஆகும் செலவு, ஆங்கிலத்தில் இரண்டே எழுத்தும் ஒரு புள்ளியும். அந்தப் புள்ளியையும் இங்கிலாந்தில் விட்டுவிட்டார்கள்.